பாரூர் வயலுக்கு நைட்ரஜன் வந்த வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் பெரிய ஏரியின் மதகு திறந்து, நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்ததும் உரக்கடைக்குப் போவோம். வண்டியில் ஏறும் யூரியா மூட்டை 45 கிலோ. வேப்பெண்ணெய் பூசிய குருணை. ஈரக்கையால் அள்ளினால் சில்லென்று இருக்கும். கரையும்போது யூரியா கையின் சூட்டை இழுத்துக்கொள்ளும். மூட்டைக்குள் பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் 20.7 கிலோ. அது பிறந்த இடம் காற்று.

ஒரு ஏக்கர் நிலத்தின் தலைக்குமேல் சுமார் 31,000 டன் நைட்ரஜன் நிற்கிறது. பயிருக்கோ ஒரு பிடிகூட எட்டாது. இரண்டிரண்டு அணுக்களாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கோத்துக் கிடக்கிறது அது. அந்த முடிச்சை வானத்தில் அவிழ்ப்பது மின்னல். அது பாயும் தடத்தில் காற்று பிளாஸ்மாவாகிறது. அதாவது, எலக்ட்ரான்கள் அணுவை விட்டுக் கழன்று திரியும் நிலை. நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து, மழையில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணில் இறங்குகிறது. இடிமழை ஒவ்வொன்றும் வயலுக்கு இப்படிக் கொஞ்சம் உரம் கொண்டுவருகிறது.

அந்த மின்னலை மனிதன் அடுப்புக்குள் அடைத்தது நோர்வேயில். 1903இல் கிறிஸ்டியான் பிர்க்லாந்தும் சாம் ஐடேயும் மின்பொறியைக் காந்தத்தால் விரித்துத் தட்டுபோல் எரியவிட்டார்கள். சுமார் 3,000 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடானது. 1905இல் நோட்டொடன் ஊரில் அருவி மின்சாரத்தில் உர ஆலை ஓடியது. சரக்கு காற்று, தண்ணீர், சுண்ணாம்புக்கல், அவ்வளவுதான். ஆனால் மின்சாரத்தை விழுங்கியது.

1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் இன்னொரு வழி கண்டார். இரும்பு வினையூக்கியின் மேல் 400, 500 டிகிரி வெப்பத்தில், நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தத்தில், நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவாகும் முறை 1913இல் கார்ல் போஷ் கையில் ஆலையானது. 1920களின் இறுதியில் நோர்வேயும் அதற்கே மாறியது. தமிழ்நாட்டில் 1971இல் மணலியிலும் 1975இல் தூத்துக்குடியிலும் இந்த அம்மோனியாவிலிருந்து யூரியா உற்பத்தி தொடங்கியது. மணலி ஆலை நாப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயில் ஓடி, 2019இல் இயற்கை எரிவாயுவுக்கு வந்தது. நைட்ரஜன் காற்றிலிருந்தே வருகிறது. அதோடு சேர வேண்டிய ஹைட்ரஜன்தான் இன்னும் எண்ணெய், எரிவாயுவைப் பிடித்துத் தொங்குகிறது. எரிவாயுக் கப்பல் தாமதித்தாலும் விலை ஏறினாலும் பாரூர்க்காரர் கடை வாசலில் காத்து நிற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது ஆய்வகங்களில் மின்னலும் வினையூக்கியும் ஒரே குழாயில் சந்திக்கின்றன. விரல் பருமன் கண்ணாடிக் குழாய். உள்ளே மிளகளவு அலுமினா மணிகள். அவற்றின் மேல் நிக்கலோ ருத்தேனியமோ. வெளியே சுற்றிய கம்பிவலைக்கும் நடுவில் உள்ள கம்பிக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் மணிகளின் இடுக்கெல்லாம் ஊதா ஒளி. எலக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரியில் கொதிக்கின்றன. வாயுவோ அவ்வளவு சுடுவதில்லை. எலக்ட்ரான் மோதி அதிரும் நைட்ரஜன், வினையூக்கியின் மேல் விழுந்து எளிதாகப் பிரிந்து, ஹைட்ரஜனோடு அம்மோனியாவாகவோ ஆக்சிஜனோடு நைட்ரஜன் ஆக்சைடாகவோ சேர்கிறது. சாதாரணக் காற்றழுத்தமே போதும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் டீசல் புகையின் நைட்ரஜன் ஆக்சைடை அகற்ற இதே கூட்டணியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். புகையில் நஞ்சான அதே பொருள் தண்ணீரில் கரைந்தால் உரத்தின் தொடக்கம்.

குறை ஒன்று உண்டு: ஒரு கிலோ அம்மோனியாவுக்கு இம்முறை இன்றைய ஆலையைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கிறது. பிளாஸ்மா உருவாக்கியதை அதே பிளாஸ்மா மறுபடி உடைத்தும் விடுகிறது. அதைத் தடுக்கும் வினையூக்கியைத் தேடுவதே இன்றைய வேலை. ஆனாலும் இந்தக் கருவியை நினைத்த நேரத்தில் போடலாம், அணைக்கலாம். ராட்சத ஆலைக்கு அது முடியாது. உச்சிவெயில் சூரிய மின்சாரத்துக்கோ அதுதான் வேண்டும்.

அந்த வேலை கைகூட வேண்டும் என்பது என் ஆசை. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் அணையிலிருந்து கால்வாயில் வருகிறது. கிருஷ்ணகிரி வெயில் அதன்மேல் காய்கிறது. காற்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. நைட்ரேட்டுக்கு வேண்டிய மூன்றும் இங்கேயே இருக்க, மூட்டை மட்டும் ஏன் கடல் கடந்த எரிவாயுவை நம்பி வர வேண்டும்?