மதுரை வாசலில் இரண்டு தலைகள்

வாலிநோக்கத்தில் சோழகக் காற்று மண்ணை அரித்துப் போட்ட இடத்தில் வாப்பா கண்டெடுத்த செப்புக்காசு ஒன்று எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் வெகுநாள் கிடந்தது. ஒரு பக்கம் நிற்கிற ஆள். மறுபக்கம் உட்கார்ந்த ஆள், ஓரத்தில் நாகரி எழுத்து. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். உம்மாவுக்கு அது செல்லாக்காசு. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தப் போன பிறகுதான் அந்த எழுத்து எனக்குப் பிடிபட்டது: ஸ்ரீ பராக்ரமபாஹு. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்டவன்.

வியாபாரத்தில் வந்த காசாகவும் இருக்கலாம். ஆனால் தளபதி இலங்காபுரன் பாண்டிய நாட்டில் தன் அரசன் பெயர் பொறித்த காசைப் புழங்கவிட்டான் என்று இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சமே பெருமையடிக்கிறது.

இலங்காபுரன் இங்கே வந்தது, மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்ட காலத்தில். முற்றுகையில் சிக்கிய பராக்கிரம பாண்டியன் இலங்கையிடம் உதவி கேட்டான். படை இலங்கைக் கரையிலுள்ள மாதோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அவன் கதை முடிந்துவிட்டது. கூப்பிட்டவனே போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்ன வேலை? செத்தவன் பிள்ளைக்கு நாட்டை வாங்கிக் கொடுங்கள் என்று பராக்கிரமபாகுவிடமிருந்து உத்தரவு வந்தது. படை கடல் தாண்டியது. இராமேசுவரம் விழுந்தது. 1897-ல் விவேகானந்தர் வந்திறங்கினாரே, அந்தக் குந்துகாலில் கோட்டை கட்டி, பராக்கிரமபுரம் என்று பெயரும் வைத்தார்கள். பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றி, அனுராதபுரத்து மகாதூபியைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். உதவிக்கு வந்தவன் செய்கிற காரியமா இது?

இராமேசுவரம் கோயில் கதவை அடைத்துப் பண்டாரத்தையும் கொள்ளையிட்டார்கள் என்கிறது காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டு. அவ்வளவு தூரத்தில் இருந்த குறுநிலத் தலைவர் எதிரிலிசோழச் சம்புவராயருக்கே கலக்கம் பிடித்து, ஞானசிவதேவர் என்ற சிவாசாரியரை நாடிப் போனார். அவர் 28 நாள் பூசை செய்தார். பலித்தது என்று ஆர்ப்பாக்கத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடற்கரையில் அடிபட்டவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அந்தக் கல்லில் இல்லை.

யார் ஜெயித்தது? சூளவம்சத்தைக் கேட்டால் இலங்கை. வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயம் என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்தானாம் அரசன். சோழரின் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைக் கேட்டால், இலங்காபுரன், ஜகத்விஜயன் என்ற தளபதிகள் இருவரின் தலையும் மதுரை வாசலில் ஆணியடித்து மாட்டப்பட்டன. இரண்டும் முழுசாக உண்மையாக இருக்க வழியில்லை. தலை விஷயத்தில் நான் கல்வெட்டின் பக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. குலசேகரன் இலங்கையோடு சேர்ந்துகொண்டான். அதுவரை அவனைத் தாங்கிய சோழர்கள் உடனே அவனைக் கைவிட்டு, இலங்கை தூக்கி நிறுத்திய, பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனுக்கே முடிசூட்டினார்கள். பராக்கிரமபாகு மறுபடி படை திரட்டிக் கப்பல் கட்டினான். சோழர்கள் சும்மா இருக்கவில்லை. அவன் மருமகன் சீவல்லவனையே படையோடு அக்கரைக்கு அனுப்பினார்கள். அப்போது அடிவாங்கிய துறைகளைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு பெயர் சொல்லி அடுக்குகிறது. ஊராத்துறையும், இலங்காபுரன் கிளம்பிய அதே மாதோட்டமும் அதில் உண்டு.