அம்மி அரைச்சா சுகப்பிரசவமா?

எங்க முத்தாபுதுப்பேட்டையில ஒரு பொண்ணு முழுகாம இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. "நாங்கல்லாம் ஆட்டுக்கல் சுத்துனோம், தண்ணி தூக்குனோம், எல்லாம் சுகப்பிரசவம். நீயும் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்மா!" இதுல பாதி உண்மை. மீதிக்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்கணும்.

முதல் விஷயம், பிழைச்சவங்கதான் கதை சொல்றாங்க. தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பேறுக்கு 2001-03ல 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20ல அது 54. குறைஞ்சது ஆட்டுக்கல்லால இல்லீங்க!

அந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலைக்குக் குறைவில்லை, ஓய்வுதான் இல்லை. அதனாலதான் 1929ல பம்பாய் மாகாணத்துலயும், 1934ல நம்ம சென்னை மாகாணத்துலயும் பேறுகாலச் சட்டம் வந்தது. பம்பாய் மசோதாவை 1928ல சட்டசபையில ஆதரிச்சுப் பேசினவர் அம்பேத்கர். நாடு முழுமைக்குமான 1961 சட்டம், கர்ப்பிணி கேட்டுக்கிட்டா, பேறுக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துல கடின வேலையோ நெடுநேரம் நிக்கிற வேலையோ தரக்கூடாதுன்னு சொல்லுச்சு. ஆனா இதெல்லாம் ஆலைக்கும் ஆபீசுக்கும்தான். வீட்டு வேலைக்கு ஏது சட்டம்?

டாக்டர்களும் மாறியிருக்காங்க. 1985ல அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு, நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது, கடும் பயிற்சி 15 நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு சொன்னது. 1994ல அந்த 140 வரம்பை எடுத்துட்டாங்க. 2020ல உலக சுகாதார நிறுவனம், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரம் 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி செய்யணும்னு சொல்லிடுச்சு. வேகமா நடக்கிறதே போதும். அப்படிச் செய்றவங்களுக்கு ராத்திரித் தூக்கமும் மேம்படுதுன்னு ஆய்வுகள் காட்டுது. குடம் தூக்குறதும், நாள் பூரா நிக்கிறதும் இந்தக் கணக்குல வராது.

படுக்கிற விதமும் முக்கியம். மல்லாந்து படுத்தா கருப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கி ரத்த அழுத்தம் இறங்கலாம்னு 1953லயே மருத்துவர்கள் எழுதிட்டாங்க. 2011ல நியூசிலாந்து ஆக்லாந்து ஆய்வு, இடதுபக்கம் படுக்காதவங்களுக்குக் குழந்தை வயித்துலயே இறக்கிற அபாயம் கூடுதலா இருக்கிறதைக் காட்டுச்சு. அதனால கடைசி மூணு மாசம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்றாங்க.

ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம எதையும் ஆரம்பிக்க வேண்டாம். மத்தவங்களுக்கு, சாயங்காலம் ஒரு நடை நல்லது. வேலை செய்யச் சொல்ற பெரியவங்க, "மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துக்கோ"ன்னும் சேர்த்துச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.