தெரியவில்லை என்று எழுதிய ரபீ



ஆதியாகமம் 28:5, ரெபெக்காளை யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய் என்று குறிப்பிடுகிறது. 25ஆம் அதிகாரத்திலேயே நாம் அறிந்த செய்தி இங்கே மறுபடியும் ஏன்? இது நமக்கு எதைப் போதிக்கிறதென்று தமக்குத் தெரியவில்லை என எழுதிவைத்தார் ராஷி என்னும் யூத ரபீ. ஒன்றும் எழுதாமலே அவர் கடந்துபோயிருக்கலாம்; எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிரசங்க பீடத்தில் நிற்கும் எங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வாயில் வருவதில்லை.

அவர் பிரான்சின் த்ருவா நகரில் 1040இல் பிறந்து, 1105இல் மரித்தவர். ஜெர்மானிய நகரங்களாகிய வோம்ஸிலும் மைன்ஸிலும் கற்றார். வேதத்தை வார்த்தை வார்த்தையாய் ஆராய்ந்தார். கடினமான எபிரெயச் சொற்களுக்குத் தம் ஊரார் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே பொருள் எழுதினார். நியாயப்பிரமாண விவாதங்கள் அடங்கிய தல்மூதின் பெரும்பகுதிக்கும் உரை செய்தார்.

அவர் கற்ற அவ்விரு நகரங்களிலும் 1096இல் சிலுவைப்போராளிகள் யூதரைக் கொன்று குவித்தனர். 1242இல் பாரிஸில் தல்மூது பிரதிகள் வண்டி வண்டியாய்க் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. இவையெல்லாம் கிறிஸ்துவின் பெயரால்!

ஆயினும் அடுத்த நூற்றாண்டில், லீராவின் நிக்கொலாஸ் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, பழைய ஏற்பாட்டுக்கு எழுதிய விளக்கவுரையில் ராஷியையே அடிக்கடி துணைகொண்டார். அவ்வுரையை மார்ட்டின் லூத்தர் பயன்படுத்தினார். ராஷியின் உழைப்பு லூத்தரின் மேசைக்கு வந்துசேர்ந்தது இவ்வழியாய்த்தான். அதே லூத்தர் 1543இல், யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் தல்மூதை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ளவும் வேண்டுமென்று எழுதினார்.