கேட்காத அம்மாவும் கேட்ட டாக்டரம்மாவும்

ஆலயத்தைப் பெரிதாக்க ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவதா, ஜெபித்துவிட்டுச் சும்மா இருப்பதா என்று எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு முறை இரண்டு மணி நேரம் வாக்குவாதம். விசுவாசம் போதும் என்ற கட்சி பவுலைப் பிடித்துக்கொண்டது. கிரியையும் வேண்டும் என்ற மறு கட்சி யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். எனக்கு என்னவோ டோனாவூர் ஏமியும் வேலூர் ஐடாவும் மனசில் ஓடினார்கள்.

ஏமி கார்மைக்கேல் 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர். ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஏமி 1951-இல் டோனாவூரிலும் ஐடா 1960-இல் கொடைக்கானலிலும் கண் மூடினார்கள். இருவர் வாழ்க்கையையும் திருப்பியது வாசலில் வந்து நின்றவர்கள்தான். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக மூன்று கணவன்மார் தனித்தனியே வந்து இளம்பெண் ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. தெரிந்த அப்பாவோ ஆண். அவரை உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கக் கப்பலேறினார். ஏமியிடம் 1901 மார்ச்சில் வந்தது, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த நிலையில் தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி. அவளுக்குப் பின் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இதுவரை ஒரே பாதை. பணம் என்று வந்ததும் பிரிகிறது.

ஏமி யாரிடமும் கேட்கமாட்டார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் வழி அது: தேவையைக் கர்த்தரிடம் மட்டும் சொல்வது, கடன் வாங்காமல் இருப்பது. ஐடா கேட்பார். மேடை ஏறிக் கேட்பார், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தும் கேட்பார்.

ஆனால் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் கோடு கலைகிறது. படிப்பை முடித்த ஐடா, வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட நியூயார்க்கில் நிதி தேடி அலைந்தார். ஒரு சீமாட்டியிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த அந்தச் சீமாட்டியின் மைத்துனர் ராபர்ட் ஷெல்லின் காதில் விழுந்தது. மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார் அவர். கேட்கப் போனவருக்குக் கிடைத்தது, கேட்கப்படாதவரின் பணம்! ஏமியோ வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். கடல் கடந்து வீடுகளில் அவற்றைப் படித்தவர்களுக்கு டோனாவூரின் தேவை தெரியாமலா இருந்திருக்கும்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. மௌனத்துக்கும் ஒரு குரல் உண்டு என்கிறேன், அவ்வளவுதான்.

என் பார்வையில் வித்தியாசம் விசுவாசத்தின் அளவில் இல்லை, எடுத்துக்கொண்ட வேலையின் குணத்தில் இருக்கிறது. டோனாவூர் ஒரு வீடு. பாலூட்டுவது, குளிப்பாட்டுவது, சிரங்குக்கு மருந்து போடுவது. சுவிசேஷம் சொல்ல வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடும் என்ற நம்மூர்ப் பேச்சை எடுத்துக்கொண்டு, கட்டட்டும் என்று ஊர் ஊராகப் போகும் ஊழியத்தையே விட்டவர் அவர். வீட்டுக்காக ஊரில் கையேந்த அம்மாவுக்கு மனம் வராது. வேலூர் அப்படியல்ல. 1918-இல் ஐடா அங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது கட்டடமும் ஆய்வுக்கூடமும் அரசு அங்கீகாரமும் தேவைப்பட்டன. முதல் அணியில் 14 பெண்கள் 1922-இல் தேர்ச்சி பெற்றார்கள். அதோடு கதை முடியவில்லை. பிறகு சென்னை மாகாண அரசு, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் பள்ளி நீடிக்கலாம் என்றது. எழுபது வயதில் ஐடா மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கேட்டார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது.

அதே ஆண்டுகளில் ஏமி படுக்கையில். 1931-இல் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டவர், ஏறத்தாழ இருபது வருஷம் ஓர் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒருவர் கண்டம் தாண்டி ஓடுகிறார்; இன்னொருவர் கட்டிலில் கிடந்து எழுதுகிறார். எதற்கு அதிக விசுவாசம் வேண்டும்? எங்கள் கமிட்டியைக் கேட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடும்.

இன்னொன்றும் உண்டு. ஐடா வேலூரில் கட்டிய முதல் மருத்துவமனைக்குக் கொடையாளியின் மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயர். சரி, கேட்கப் போனவர் பெயர் வைத்தார். கேட்கவே கேட்காத ஏமியின் ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது? மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் ஊர் எழும்பப் பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் அது. அந்த ஊரில்தான், தம் கல்லறைக்குக் கல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் ஏமி. பறவைகள் தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.