வீடற்றோர் நிலை: அன்னவாசல் வட்டாரம் காட்டும் வழிகள்

அன்னவாசல் புதுக்கோட்டை மாவட்டத்தில், சித்தன்னவாசல் குன்றுக்கு அருகில் உள்ள பேரூராட்சி. மழையையும் கண்மாயையும் நம்பிய வேளாண்மை நடக்கும் பகுதி. இத்தகைய வறண்ட வட்டாரங்களின் வரலாற்றைப் பார்த்தால் மக்கள் வீடிழந்ததற்கு ஒரே காரணம் இருந்ததில்லை என்பது தெரியும்.

சாலையோரம், நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை போன்ற இடங்களில் வாழ்வோரை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என வகைப்படுத்துகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களில் சுமார் 8.3 லட்சம் பேர் கிராமப்புறத்தினர்.

பஞ்சமும் புலம்பெயர்வும்

1876–78இல் சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தில் வேலையும் தானியமும் இல்லாமல் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். பலர் கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பல பத்தாண்டுகள் ஆட்கள் சென்றனர். அங்கே அவர்கள் குடியிருந்த லயன் அறைகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. வேலை போனால் வீடும் போகும்.

தாயகம் திரும்பியோர்

1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிசெய்தது. திரும்பியவர்கள் மண்டபம் முகாம் வழியாக வந்தனர். மூதாதையர் ஊரில் பலருக்கு நிலமோ நெருங்கிய உறவோ இருக்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தர நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் வேறொரு வழியில் வீடிழந்தவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணா விளக்கு உள்ளிட்ட இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன.

இயற்கைச் சீற்றமும் பட்டாவும்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும் சாய்த்தது. பட்டா வைத்திருந்தவர் அதே மனையில் மீண்டும் வீடு கட்ட முடியும். புறம்போக்கில் இருந்தவருக்குத் தன் இடம் என்று காட்ட ஆவணமில்லை. புயல் ஒன்றுதான், அது விட்டுச்சென்ற நிலை இருவருக்கும் வேறு.

குடும்பமும் நோயும்

சொத்தைத் தான செட்டில்மென்ட்டாகப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த பின் கைவிடப்படும் முதியோர் உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிய பத்திரத்தை, அது மீறப்பட்டால் செல்லாது என அறிவிக்கக் கோர 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி தருகிறது. மனநோயும் மனிதரைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தனர். குடும்பத்தால் பராமரிக்க இயலாதவர்கள் எங்கே விடப்படுகிறார்கள் என்ற கேள்வியை இந்நிகழ்வு நாடு முழுவதும் எழுப்பியது. வீடோ குடும்பமோ இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநலக் காப்பகத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

தீர்வுகளின் எல்லை

இவ்வழிகள் அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு. நிலம், கூலி, ஆவணம், உறவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று முதலில் நழுவுகிறது. தாங்கிப்பிடிக்க வேறொன்று இல்லாதபோது கூரையும் போகிறது. எனவே பட்டா இல்லாதவருக்கு மனை, முதியவருக்குச் சட்ட உதவி, நோயாளிக்குச் சிகிச்சை எனத் தீர்வும் வேறுபட வேண்டும்.

2010இல் உச்ச நீதிமன்றம் நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. மக்கள்தொகை ஒரு லட்சத்தை எட்டாத அன்னவாசல் போன்ற ஊர்கள் இந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. அங்கே வீடிழப்பவர் பெருநகரப் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நகரத்து வீடற்றவராகவே எண்ணப்படுவார். அவர் வீடிழந்த ஊர் அந்தக் கணக்கில் தெரிவதில்லை.