சொக்கோத்திராவின் பிகோனியா

நத்தார்க் காலத்தில் ஐரோப்பிய இல்லங்களை அணிசெய்யும் பிகோனியாக்களின் மரபுவழியை ஆராயப் புகுவோர், ஈற்றில் அரபிக்கடலிலுள்ள சொக்கோத்திராத் தீவைச் சென்றடைவர். யேமனுக்கு உரித்தான அத்தீவு ஏறத்தாழ 3,600 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பிகோனியாச் சாதியில் இன்று அறியப்பட்டுள்ள இனங்கள் 2,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ‘பிகோனியா சொக்கோத்திரானா’ இத்தீவுக்கே தனித்துவமானதோர் இனமாகும்.

தீவின் நடுவே ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம்வரை எழுகின்ற ஹஜ்ஹிர் மலைகள் கருங்கற்பாறைகளாலானவை. அப்பாறைகளின் நிழலார்ந்த பிளவுகளே இத்தாவரத்தின் வாழிடம். தென்மேல் பருவக்காற்று வன்மையாக வீசும் வறண்ட மாதங்களில் அதன் இலைகள் மடிந்துவிடும். தண்டின் அடியிலுள்ள சிறு குமிழ்கள் மாத்திரம் எஞ்சும். குளிர்காலத்து மழையும் மூடுபனியும் வந்ததும் அவை முளைத்து, கேடயம் போன்ற வட்ட இலைகளையும் இளஞ்சிவப்பு மலர்களையும் தோற்றுவிக்கும். வறட்சிக்கு அஞ்சி மேற்கொண்ட இவ்வொழுக்கமே பின்னாளில் அதன் பெருமைக்குக் காரணமாயிற்று.

1880இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் ஐசக் பெய்லி பல்போர் தீவுக்குச் சென்று இதனைச் சேகரித்தார். மறுவருடம் ஜோசப் டால்ரன் ஹூக்கர் இதற்குப் பெயர் சூட்டினார். ஏனைய தோட்டப் பிகோனியாக்கள் கோடையில் மலர்ந்தனவாதலின், குளிர்காலத்தில் மலரும் இப்புது வரவு தோட்டக்கலைஞரைக் கவர்ந்தது. இலண்டன் வீச் நிறுவனத்தார் இதனைத் தென்னமெரிக்கக் கிழங்குப் பிகோனியாக்களுடன் கலந்தனர். பிரான்சின் நான்சி நகரில் விக்டர் லெமுவான் இதனைத் தென்னாபிரிக்க இனமொன்றுடன் கலந்து, 1891இல் ‘குளுவார் த லொரேன்’ எனும் கலப்பினத்தை உருவாக்கினார்.

ஈண்டு ஓர் உண்மை கருதற்பாலது. இக்கலப்பினங்கள் பெரும்பாலும் மலட்டுத் தன்மையுடையன, துண்டங்களாலேயே பெருக்கப்படுவன. எனவே எத்துணை இலட்சம் பூச்சாடிகளில் அவை மலரினும், தாய் இனம் அழியுமாயின் அதனை மீளத் தோற்றுவிக்க அவற்றால் இயலாது. அண்டையிலுள்ள சம்ஹாத் தீவின் உறவினம் 2002இலேயே விவரிக்கப்பட்டது என்பது, இம்மரபு பற்றிய அறிவு இன்னும் வளர்ந்து வருவதைக் காட்டுகின்றது.

சொக்கோத்திராத் தீவுக்கூட்டம் 2008இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் ஆட்டு மேய்ச்சலும், 2015 நவம்பரில் அடுத்தடுத்து வீசிய சபலா, மெக் எனும் இரு சூறாவளிகளும் தீவின் தாவரங்களுக்கு ஊறு விளைத்தன. பிரகடனம் காற்றைத் தடுக்காது. உலகின் பூந்தோட்டங்கள் பெற்ற குளிர்கால மலர்ச்சியின் மூலமுதல் இன்றும் சில பாறைப் பிளவுகளின் நிழலையே நம்பி வாழ்கின்றது. அந்நிழலைக் காப்பதே அத்தாவரத்தைக் காப்பதாகும்.