தீயைச் சொல்லாத கல்வெட்டு

1861 மார்ச்சில் தாயை இழந்த விக்டோரியா அரசி, தன் தாய்மாமனான பெல்ஜிய அரசர் லியோபோல்டுக்கு எழுதிய துயரக் கடிதம் இன்று அச்சில் கிடைக்கிறது. சோழ அரண்மனைப் பெண்கள் எழுதிய ஓலைகள் நமக்கு வந்து சேரவில்லை. கல்லில் வெட்டியவை நிற்கின்றன. பெற்றோரை இழந்த ஓர் இளவரசியின் துக்கத்தைத் தேடுகிறவர்கள் கொடைக் கணக்குகளுக்குள்தான் தேட வேண்டும்.

எங்கள் பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக வடக்கே போனால் திருக்கோவலூர். அங்கே கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராசராசன் காலத்துச் செய்யுள் கல்வெட்டு ஒன்று உண்டு. கணவன் சுந்தர சோழன் இறந்ததும், பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து தீயில் இறங்கிய வானவன் மாதேவியை அது போற்றுகிறது. மலையமான் குலத்தில் பிறந்த இவர்தான் ராசராசனுக்கும் அவன் தமக்கை குந்தவைக்கும் தாய்.

அதே கல்வெட்டில் இன்னொரு தீயும் எரிகிறது. பாரியின் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததை அது சொல்கிறது. பாரிமகள் இங்கே கொடுக்கப்படும் பெண், அவளுக்குப் பேச்சில்லை. அவளும் அவள் உடன்பிறந்தவளும் பேசியது புறநானூற்றின் 112ஆம் பாட்டில் இருக்கிறது. ஐந்தே அடிகள். ஒரு மாதத்துக்குள் தந்தையும் போய், மலையும் போனதை இரண்டு நிலவு இரவுகளை வைத்துச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தந்தை எப்படி மாண்டார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பாட்டைத் தந்த பெண்களின் சொந்தப் பெயர்களைக்கூடத் தொகுத்தவர்கள் குறிக்கவில்லை. பாரி மகளிர் என்பதோடு சரி.

குந்தவைக்குப் பெயர் இருந்தது, செல்வமும் இருந்தது. தம்பி கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் தம் பெற்றோருக்குத் திருமேனிகள் எடுப்பித்தார். தந்தையைப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டு குறிக்கிறது. திருமேனிகளுக்குக் கொடுத்த நகைகளும், செலவுக்காக ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு வைத்த காசும் வரிவரியாகப் பதிவாகியுள்ளன. தந்தையின் பெயரில் தஞ்சையில் ஆதுலர் சாலை ஒன்றும் அமைத்தார். ஆதுலர் என்றால் நோயாளிகள்.

இது கொடைக் கல்வெட்டுக்குரிய வழக்கமான நடைதான்; கண்ணீரை எழுத அதில் இடமில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் எதை எழுதுவது என்ற தேர்வு அந்த நடைக்குள்ளும் இருக்கிறது. அவை ஏறிய புகழ்மொழிக்குத் தாயின் சாவு தேவைப்பட்டது. மகளின் பதிவில் தீ இல்லை. எரிந்துபோன உடலுக்கு மாற்றாக ஓர் உருவம் செய்து, அதற்குப் பொன் பூட்டி, நாள்தோறும் அதைக் கவனிக்க ஆளும் பொருளும் ஏற்பாடு செய்கிறார். உயிரோடு இருக்கும் தாய்க்கு ஒரு மகள் செய்யக்கூடியவை இவை.

எங்கள் பக்கத்து இழவு வீடுகளில், கூலிக்கு நாற்று நட்ட மனிதரையும் ‘என்னப் பெத்த ராசா’ என்றுதான் மகள் அழுவாள். அவளுக்கு வெட்டிவைக்கக் கல் இல்லை. பதினாறாம் நாளோடு அவள் சொற்கள் காற்றில் போய்விடும். உடன்கட்டைக்குப் புகழ் பாடிய வரிகளை நாம் வகுப்புகளில் தலைமுறைகளாக விளக்கிவருகிறோம். அவற்றின் பக்கத்தில் ஐந்தடிப் பாட்டையும், குந்தவையின் நகைக் கணக்கையும், ஒப்பாரியையும் வைத்துப் படிக்கத் தொடங்கினால்தான், அந்தக் குழந்தையும் அதன் அக்காவும் எதை இழந்தார்கள் என்று கேட்க முடியும்.